இரண்டு சிவப்பு

நவம்பர் 20, திங்கள்

காலை பிரஷர் 146/90.

டாக்டர் இந்த நோட்டைக் கொடுத்தது பிரஷரை எழுதுவதற்கு. எண்ணுக்குக் கீழே முந்தின நாள் மனசைப் பாதித்தது ஏதாவது இருந்தால் இரண்டு வரி எழுதச் சொன்னார். என் மனசை எதுவும் பாதிப்பதில்லை என்றேன். அப்படியானால் அன்றன்று செய்த வேலையை எழுதுங்கள் என்றார். முப்பத்துமூன்று வருஷம் பம்ப் கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருந்தவன் நான். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடித்து, சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக ஒதுக்குவது என் தொழில். எழுதுவதற்கா சோம்பல்?

ஓய்வுபெற்றபின் வேலை ஏது என்றிருந்தேன். இன்று அண்ணியே கொடுத்துவிட்டார். டிசம்பர் 24 அன்று ரேஸ்கோர்ஸில் பழைய கார்களின் அணிவகுப்பு. கிளப்காரர்கள் வீட்டுக்கு வந்து, அண்ணன் சிவஞானத்தின் நினைவாக அவர் வண்டியை எல்லாவற்றுக்கும் முன்னால் விடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"செவலையக் கொண்டுபோயே ஆகோணும் தம்பி. எஞ்சின் ஓடுது. மேலுதான் பாக்கச் சகிக்கல. நீங்கதான் அதப் பளபளன்னு ஆக்கித் தரோணும்" என்றார்.

செவலை என்பது வீட்டில் வைத்த பெயர். இங்கிலாந்தில் செய்த, இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் வண்டி. குன்னூர் எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடமிருந்து 1979இல் அண்ணன் வாங்கியது. அதை வைத்துச் சோழவரம் கார் பந்தயத்தில் இரண்டு கோப்பை ஜெயித்தார். 1988க்குப் பிறகு ஓட்டவில்லை. வீட்டை ஒட்டிய தன் லேத் பட்டறைக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நிறுத்தி, வெள்ளிக்கிழமை தோறும் பத்து நிமிஷம் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு அணைத்துவிடுவார். போன வருஷம் ஆடியில் அவர் இறந்தபிறகு அந்த வெள்ளிக்கிழமை வேலை என்னிடம் வந்தது.

முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

நவம்பர் 21, செவ்வாய்

144/88.

வண்டியைக் கழுவினேன். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலசச் சுத்தத் தண்ணீர். ஒரே வாளியில் கழுவுகிறவன் மண்ணை எடுத்துத் திரும்ப வண்டியிலேயே தேய்க்கிறான். கொட்டகைக்கு மேற்குப் பக்கம் சுவர் கிடையாது. முப்பத்தைந்து வருஷத்துச் சாயங்கால வெயிலில் சிவப்பு செத்துப்போய், பல்பொடி பூசினாற்போல் வெளிறிய ரோஸ் நிறம் வந்திருக்கிறது. விரலால் தடவினால் மாவாக ஒட்டுகிறது.

கம்பெனியிலிருந்து ஓய்வுபெறும்போது கேட்டு வாங்கிவந்த மைக்ரான் மீட்டர் இப்போது உதவுகிறது. பம்பின் மேல் பெயிண்ட் எத்தனை கனம் என்று பார்க்கிற கருவி. பழைய வண்டியில் பெயிண்ட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் தேய்க்க ஆரம்பித்தால் தகரம் தெரிந்துவிடும். பானெட் 118. டிக்கி 124. வலது கதவு 121. இடது கதவு 126. முன்சக்கரத்தை மூடும் தகரம், ஃபெண்டர், வலது பக்கம் 119. இடது ஃபெண்டரை அளக்கும் முன் மீட்டரில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

நவம்பர் 23, வியாழன்

மழை. ஈரத்தில் எதுவும் செய்யக்கூடாது. பேட்டரி வாங்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 25, சனி

148/90.

களிமண் போன்ற ஒரு கட்டி கடையில் கிடைக்கிறது. தண்ணீர் தெளித்து அதால் வண்டியை நீவினால் கையில் தட்டுப்படாத தூசி, தார்ப் புள்ளி எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதை முடித்து, டிக்கியின் மூலையில் உள்ளங்கையளவு இடத்தில் காம்பவுண்ட் என்கிற மெருகுப் பசை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ரோஸ் நிறத்துக்கு அடியிலிருந்து பழைய சிவப்பு எழுந்து வந்தது. பழுத்த மிளகாயின் சிவப்பு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பட்டறை வாட்ச்மேன் மருதாசலம் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொட்டகை ஓரமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி இருபத்துநான்காம் தேதிவரை அவருக்கு இதுதான் வேடிக்கை. அறுபத்தேழு வயது. இடது கால் முழங்காலுக்குக் கீழே மரக்கால். அண்ணன்தான் வேலைக்குச் சேர்த்தார்.

"ஏனுங் சின்னவரே, துணியெல்லாஞ் செவப்பாகுது. சாயம் போவுதுங்களா?"

"செத்த பெயிண்ட்டு மேல இருக்குது மருதாசலம். அத எடுத்தாத்தான் கீழ இருக்கறது தெரியும்."

"அப்ப எல்லாம் தெரிஞ்சுபோகுமுங்க" என்றார். சும்மாதான் சொன்னார்.

நவம்பர் 26, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அண்ணி வீட்டில்தான். பின்கட்டில் தனிக்கட்டையாக இருக்கிறவனுக்கு அண்ணன் காலத்திலிருந்து நடக்கிற ஏற்பாடு. இன்று கார்த்திகை தீபம் என்பதால் பொரி உருண்டையும் இருந்தது. அண்ணன் ஞாயிறு மதியம் மட்டும் சாப்பிடமாட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஏதோ வேண்டுதல் என்று சொல்லிவைத்திருந்தார்.

நவம்பர் 28, செவ்வாய்

154/94.

பானெட் பாதி முடிந்தது. அண்ணி காபி கொண்டுவந்து, மருதாசலம் டீ குடிக்கப் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னார். அணிவகுப்பில் அவரைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். உச்சத்தில் இருந்தபோது சிவஞானம் ஏன் ரேஸை விட்டார் என்று ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்களாம். உண்மையைத் தானே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்.

உண்மை என்று அண்ணிக்குத் தெரிந்தது இது. 1988 ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பொள்ளாச்சியில் ஒரு தோட்டத்து விருந்தில் நன்றாகக் குடித்துவிட்டு மழையில் ஓட்டிக்கொண்டு வந்தார். ஈச்சனாரிப் பக்கம் சைக்கிளில் போன ஒருவரை இடித்துவிட்டு, போதையில் அது தெரியாமலே வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மறுநாள் காலை இடது ஃபெண்டர் ஒடுங்கிக் கிடப்பதைப் பார்த்தார். இடித்த வண்டி எது என்று தெரியவில்லை என்று பேப்பரில் செய்தியும் பார்த்தார். சைக்கிளில் போனவர் மருதாசலம். அன்றோடு குடியும் போயிற்று, ரேஸும் போயிற்று. கால் போனவருக்கு வேலை கொடுத்து, அவர் பெண்ணின் கல்யாணத்தில் முன்னால் நின்றார்.

"தப்புப் பண்ணாத மனுசன் யாரு இருக்காங்க தம்பி. பண்ணுன தப்புக்கு முப்பத்துநாலு வருசம் நின்னு பதில் சொன்னவரு அவரு. அது நாலு பேருக்குத் தெரியட்டும். அன்னைக்கு மருதாசலத்தையும் பக்கத்துல நிறுத்தி நானே சொல்லீர்றேன்."

இதெல்லாம் இப்போது எதற்கு அண்ணி என்றேன். இப்போது சொல்லாமல் எப்போது சொல்வது என்று கேட்டார். காபி ஆறிவிட்டது.

டிசம்பர் 1, வெள்ளி

158/96. உப்பைக் குறைக்க வேண்டும்.

டிசம்பர் 3, ஞாயிறு

156/94.

வலது பக்கம் முழுக்க முடிந்தது. பானெட், டிக்கி, இடது கதவு எல்லாம் முடிந்தது. விளிம்புகளில் டேப் ஒட்டித்தான் தேய்த்தேன். விளிம்பில் பெயிண்ட் எப்போதும் கனம் குறைவு. ஒரு கை அதிகம் தேய்த்தால் போய்விடும். இடது ஃபெண்டர் மட்டும் பாக்கி.

அதையும் இன்று மேலாக ஒருமுறை தேய்த்தேன். மற்ற இடமெல்லாம் மிளகாய்ச் சிவப்பாக எழுந்துவர, இது மட்டும் செங்கல் பக்கம் சாய்கிற சிவப்பாக வருகிறது. வெளிறிக் கிடந்தவரை எல்லாம் ஒரே ரோஸ்தான். வித்தியாசமே தெரியாது. பளபளப்பு ஏற ஏற இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிறது. சாப்பிடக் கூப்பிட வந்த அண்ணியின் கண்ணில் முதலில் பட்டதும் அதுதான்.

"இந்தப் பக்கம் வேற செவப்பா இருக்குதே."

"வெயில் பட்டது அண்ணி."

"வெயில் மேக்காலதான அடிக்கும். இந்தப் பக்கம் கெழக்கல்ல?"

சாப்பாட்டில் அவரைக்காய்ப் பொரியல். அது மட்டும்தான் நினைவிருக்கிறது.

டிசம்பர் 6, புதன்

160/98.

பேட்டரி போட்டு இடது ஃபெண்டரை அளந்தேன். 840. சில இடத்தில் 900க்கு மேல். மற்ற இடமெல்லாம் 120. அதாவது உள்ளே, பெயிண்ட்டைப்போல் ஆறு மடங்கு கனத்துக்கு, ஒடுக்கை நிரப்பும் பட்டி பூசியிருக்கிறது. டிங்கர் வேலை தெரிந்தவன் தகரத்தைத் தட்டி நிமிர்த்திவிட்டு அதன்மேல் மெல்லிசாகப் பட்டி வைப்பான். இது தட்டத் தெரியாதவர் செய்த வேலை.

தெரியாதவர் அண்ணன்தான். வெளியில் எந்தப் பட்டறைக்கும் கொண்டுபோகாமல், கொட்டகைக்குத் தார்ப்பாய் கட்டி மறைத்து, மூன்று நாள் தானே செய்தார். உக்கடத்தில் போய்ச் சிவப்புப் பெயிண்ட் வாங்கிவந்தது நான். கண்ணளவில் கலக்கிக் கொடுத்தார்கள். அவசரத்தில் நான் சரியாகப் பார்க்கவில்லை. இருபத்துமூன்று வயது எனக்கு.

இது சின்ன விஷயம். ஃபெண்டரின் மேல்பூச்சை எடுத்துவிட்டு, வண்டியின் உண்மையான சிவப்பை அடித்துவிட்டால் முடிந்தது. யாரும் கேட்கப்போவதில்லை.

டிசம்பர் 9, சனி

பெட்ரோல் மூடியைக் கழற்றி எடுத்துக்கொண்டு உக்கடம் போனேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் வைத்து நிறத்தைப் படித்துக் கலக்குகிறார்கள். வண்டியின் போட்டோவைப் போனில் காட்டினேன். கடைக்காரர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ரெண்டு செவப்பு இருக்குதுங்களே. எந்தச் செவப்புக்குங்க மேட்ச் பண்ணோணும்?"

மூடியில் இருப்பதற்கு என்றேன். அரை லிட்டர் வாங்கிவந்தேன்.

டிசம்பர் 12, செவ்வாய்

164/100.

தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளை வைத்து இடது ஃபெண்டரைத் தேய்த்தேன். முதலில் 800 நம்பர், பிறகு 1500. தேய்ப்பது என்றால் வெறியோடு தேய்த்தேன் என்று இப்போது தோன்றுகிறது. மருதாசலம், "மெதுவாங் சின்னவரே, அது என்ன பண்ணுச்சு உங்கள" என்றார்.

விளக்குக்கு மேலே, விளிம்பில், டேப் ஒட்ட மறந்துவிட்டேன். வேலைக்கு வந்த முதல் நாள் பையன்கூடச் செய்யாத தப்பு. சிவப்பு போய், சாம்பல் பிரைமர் போய், பட்டி தெரிந்துவிட்டது. கைரேகையோடு தெரிந்தது. விளக்கு வளையத்தை ஒட்டிய குறுகலான வளைவில் பட்டித் தகடு போகாது. கட்டைவிரலால் பூசித்தான் ஆகவேண்டும். அண்ணன் கட்டைவிரலால் இழுத்துப் பூசி, காய்ந்தபின் தேய்க்காமல் அப்படியே பெயிண்ட் அடித்திருக்கிறார். அந்தக் குழியில் என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அவருடைய விரல் பெரிது.

அன்றைக்கு வண்டியை எடுத்தது நான்.

எழுதிவிட்டேன். மீதியையும் எழுதுகிறேன். அண்ணன் மூன்றரை மணிக்கு வந்து படுத்தார். அண்ணி அப்போது பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார். நாலு மணிக்கு நான் சாவியை எடுத்தேன். வண்டியின் ஃபெண்டர் அப்போது முழுசாக இருந்தது. நான் பார்த்தேன், மழைத்துளி வழிந்துகொண்டிருந்தது, ஒரு கீறல் கிடையாது. சாயிபாபா காலனியில் ஒரு பெண். பாலிடெக்னிக்கில் எனக்கு இளைய வகுப்பில் படித்தவள். அவள் வீட்டு முன்னால் இந்த வண்டியில் ஒருமுறை போகவேண்டும் என்று எனக்கு. போனேன். வீடு பூட்டியிருந்தது. திரும்பும்போது மழையில் சறுக்கித் தெருமுனைத் தண்ணீர்த்தொட்டியின் தூணில் இடது பக்கத்தை இடித்தேன். தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்தரை மணிக்குக் கொண்டுவந்து இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, சாவியை ஆணியில் மாட்டினேன்.

காலையில் அண்ணன் கையில் பேப்பரோடு கொட்டகையில் நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கூப்பிட்டார்.

"கனகு, நேத்து நீ வண்டிய எடுத்தியா?"

"இல்லண்ணா."

அடிக்குப் பயந்துதான் சொன்னேன். அப்பா இல்லாத வீட்டில் என்னை அடித்து வளர்த்தவர் அவர்தான். பேப்பரில் என்ன இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. மத்தியானம் தெரிந்தது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த ஆளைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

டிசம்பர் 14, வியாழன்

எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். தாளின் பின்பக்கத்தில் பிரஷர் எண்கள் இருக்கின்றன. டாக்டர் கேட்பார்.

டிசம்பர் 17, ஞாயிறு

170/102.

காய்ச்சல் என்று சொல்லிச் சாப்பிடப் போகவில்லை. அண்ணி ரசச் சோறு கொடுத்தனுப்பினார். நொந்துகொண்டே சாப்பிட்டேன். பசி மட்டும் நன்றாக இருக்கிறது.

மாலையில் அண்ணியே வந்து, பேசப்போவதைத் தாளில் எழுதிக்கொண்டுவந்து படித்துக் காட்டினார். ஒன்றரைப் பக்கம். "என் கணவர் ஒரு மனிதரை இடித்துவிட்டு நிற்காமல் வந்தவர்" என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து படித்தார். எழுத்துப்பிழை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு நன்றாக வருகிற ஒரே வார்த்தை அதுதான் போலிருக்கிறது.

டிசம்பர் 18, திங்கள்

பிரஷர் பார்க்கவில்லை.

அண்ணியிடம் சொல்லத் தைரியம் இல்லை. மருதாசலத்திடம் முதலில் சொல்லிப்பார்க்கலாம் என்று நினைத்தேன். இதிலும் கோழைத்தனம்தான். மாலை நாலு மணி. கொட்டகையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. ஃபெண்டரில் அந்தப் பட்டி தெரிகிற இடத்தைத் துணியால் மூடியிருந்தேன். துணியை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். உங்களை இடித்தது அண்ணன் இல்லை, இந்த ஒடுக்கு நான் தூணில் இடித்தது, முப்பத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியும் என்றேன்.

அவர் நாற்காலியில் அசையவில்லை. என்னைத் திட்டவோ என் சட்டையைப் பிடிக்கவோ செய்யவில்லை.

"மொதலாளி இல்லைங்கறது எனக்குத் தெரியுமுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"என்னைய அடிச்சது நீல டெம்போங்க. எலைக்கட்டு ஏத்தீட்டுப் போனான். கண்ணுல பாத்தனுங்க. போலீசுலயும் டெம்போன்னுதான் சொன்னேன். மூணா நாளு மொதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து என்ற இந்தக் காலப் புடிச்சிட்டு அழுவறாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல. சாமீ, நீங்க இல்லீங்க, டெம்போங்கன்னு சொன்னேன். காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாத மருதாசலம்னுட்டாரு."

"அப்பறம்?"

"அப்பறம் வேலைக்கு வந்தப்பறம் ரெண்டு வாட்டி சொன்னனுங்க. கடைசீல சொன்னப்ப, இதா இங்கதான், இந்த எடத்துலதான் நின்னாரு. 'டெம்போன்னா, என்ற வண்டி எப்படி ஒடுங்குச்சு மருதாசலம், அதச் சொல்லு'ன்னு கேட்டாரு. எனக்கு என்னங்க தெரியும்? ஒடுங்குனது எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியல. அதோட வுட்டுட்டேன்."

துணியை எடுத்துப் பட்டியை மறுபடி மூடினேன்.

"வேலையும் வேணுமில்லைங்க எனக்கு" என்றார். "பொண்ணு சின்னவளா இருந்தா. என்ற மேலயும் தப்பிருக்குதுங்க. இன்னும் நாலு வாட்டி சொல்லியிருக்கோணும்."

நாற்பது வாட்டி சொல்லியிருந்தாலும் அண்ணன் நம்பியிருக்கமாட்டார். ஒடுங்கியது எப்படி என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் அப்போது எங்கே இருந்தேன்? பத்தடி தள்ளிப் பின்கட்டில். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்.

அழுதேன். மருதாசலம் நாற்காலியை விட்டு எழுந்து, என்னை அதில் உட்காரச் சொன்னார். ஒற்றைக் காலில் அவர் நிற்க நான் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 20, புதன்

அண்ணியிடம் சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணி. சமையல் மேடையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இந்த நோட்டைக் கொடுத்து 12ஆம் தேதியைப் படிக்கச் சொன்னேன். வாயால் சொல்லக்கூட எனக்கு வக்கில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, நின்றபடியே படித்தார். அடுத்த பக்கங்களையும் படித்தார். மூடி என் கையில் கொடுத்துவிட்டுக் கீரையை எடுத்தார். இரண்டு தண்டு ஆய்ந்தார்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் அவரு சாப்பிடமாட்டாரு. எதுக்குன்னு தெரியுமல்ல உங்களுக்கு?"

"இப்போதான் அண்ணி..."

"இப்ப இல்ல. அப்பவே தெரியும் உங்களுக்கு. ஒருத்தன ரோட்டுல போட்டுட்டு வந்து அன்னைக்கு மத்தியான விருந்து செமிச்சவன் நான், எனக்கெதுக்கு ஞாயித்துக்கெழமச் சோறுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்காரு. முப்பத்துநாலு வருசம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க பக்கத்துல ஒக்காந்து சாப்பிட்டீங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னொரு கரண்டி போடுங்கண்ணின்னு கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

போங்க என்றார். தம்பி என்று சொல்லவில்லை.

டிசம்பர் 21, வியாழன்

வண்டி அப்படியே நிற்கிறது. மருதாசலம் காலையில் தானே அண்ணியைப் பார்த்துத் தன் பங்கைச் சொல்லிவிட்டு வந்தார். "அம்மா ஒண்ணும் பேசலைங்க. டீ குடுத்தாங்க" என்றார். எனக்குக் காபி வரவில்லை.

பேசப்போவதில்லை என்று அண்ணி கிளப்புக்குப் போன் செய்துவிட்டாராம். வண்டி வரும் என்றும் சொன்னாராம். யார் ஓட்டுவார் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 22, வெள்ளி

152/92. ஏன் குறைந்தது என்று தெரியவில்லை. குறைய எனக்கு என்ன தகுதி?

அண்ணன் அன்று ஃபெண்டரோடு சேர்த்து, விளக்குக்குப் பின்னாலிருக்கும் தகரக் கிண்ணத்துக்கும் அதே பெயிண்ட்டை அடித்திருந்தார். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு உக்கடம் போனேன். கடைக்காரருக்கு என்னை நினைவிருந்தது.

"அன்னைக்கு வாங்குனது சேரலீங்களா?"

"அது வேண்டாம். இந்தச் செவப்புக்கு மேட்ச் பண்ணுங்க."

"வண்டிக்கு ஒட்டாதுங்களே. தனியாத் தெரியும்."

தெரியட்டும் என்றேன்.

மதியம் வெயில் இருந்தது. பட்டி தெரிந்த இடத்தில் மட்டும் பிரைமர் வைத்து, காயவிட்டு, அண்ணனின் சிவப்பை மெல்ல மூன்று தடவை அடித்தேன். கட்டைவிரல் குழியை நிரப்பவில்லை. கிட்டப் போய்ச் சாய்த்துப் பார்த்தால் தெரியும். தரப் பரிசோதகனாக நான் இதைப் பார்த்திருந்தால் பெருக்கல் குறி போட்டு ஓரமாக ஒதுக்கியிருப்பேன்.

டிசம்பர் 23, சனி

வண்டி முழுக்க மெழுகு பூசித் துடைத்தேன். இடது ஃபெண்டரையும். அதில் முகம் தெரிகிறது. மருதாசலம் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "மொதலாளி பாத்தா" என்று ஆரம்பித்து, அப்படியே நிறுத்திக்கொண்டார்.

அண்ணியின் வாசலில் போய் நின்று, நாளைக்கு வண்டி தயார் என்றேன். உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது.

டிசம்பர் 24, ஞாயிறு

ஏழு மணிக்கு வண்டியை வெளியே எடுத்து நிறுத்தினேன். முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அது கேட்டைத் தாண்டுகிறது. அண்ணி வெண்ணிறப் பட்டுச் சேலையில் வந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மருதாசலம் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்.

ரேஸ்கோர்ஸில் நாற்பது வண்டிகள். நம்முடையது முதலில். அண்ணனோடு சோழவரத்தில் ஓட்டிய ஒரு பெரியவர் கையில் மைக்கோடு ஒவ்வொரு வண்டியாகச் சுற்றிப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தார். கூட்டம் அவர் பின்னால் வந்தது. எங்கள் வண்டியைச் சுற்றி வந்தவர், பெயிண்ட் வேலையைப் பாராட்டினார். முப்பத்தைந்து வருஷம் தூங்கிய வண்டி என்று நம்பமுடியவில்லை என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு இடது பக்கம் வந்து குனிந்தார். விரலால் தடவினார். கண்ணுள்ளவர்.

"இது மட்டும் வேற செவப்பா இருக்குதே. இது யாரு அடிச்சது?"

மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டினார். அண்ணி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மருதாசலம் வேப்பமரத்தடியில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார். வெயில் என்று சொல்லலாம். பழைய பெயிண்ட் கிடைக்கவில்லை என்று சொல்லலாம். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அடிச்சது எங்கண்ணன். இடிச்சது நான்" என்றேன்.

என் குரல் ஒலிபெருக்கியில் எனக்கே திரும்பிக் கேட்டது. பெரியவர் ஏதோ தமாஷ் என்று சிரிக்கப்போனார். நான் நிறுத்தவில்லை. எண்பத்தெட்டாம் வருஷம் அண்ணனுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துத் தூணில் இடித்ததையும், எடுத்தாயா என்று கேட்டபோது இல்லை என்று சொன்னதையும், தன்னால் ஒருவர் கால் போனது என்று நம்பி அவர் ரேஸை விட்டதையும், அவர் யாரையும் இடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். சிவஞானம் யாரையும் இடிக்கவில்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பெரியவர் மைக்கை இழுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார்.

பின்னால் நின்ற வண்டிகள் எஞ்சினை உறுமவிட்டன.

"வண்டிய எடுங்க தம்பி" என்றார் அண்ணி.

எடுத்தேன். ஒன்றரை மணிக்கு, எப்போதும் போல, எனக்கும் சேர்த்து இலை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் அண்ணி என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.